மீதி மூன்று ஆட்டங்களையும் ஆட விடுங்கள்

கல்லூரிச் செயலர், முதல்வர், நிர்வாகக் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

போன திங்கட்கிழமை மாலை, இரண்டாவது ஈடு தேன்குழல் எண்ணெயில் கிடந்தபோது, என் மகள் வந்து செல்போனை நீட்டினாள். உங்கள் சுற்றறிக்கையைப் படம் பிடித்து வைத்திருந்தாள். மொத்தம் ஆறே வரி. மாணவியரின் நலனையும் கல்லூரியின் நற்பெயரையும் முன்னிட்டு மகளிர் கால்பந்து அணியை இந்த ஆண்டின் மீதி ஆட்டங்களிலிருந்து விலக்கிக்கொள்வதாக ஐந்து வரி. மாலையில் அவர்களுக்கு ஒதுக்கியிருந்த மைதானம் இனிமேல் வேறு தேவைகளுக்குப் பயன்படும் என்று ஆறாவது வரி. நான் படித்து முடிப்பதற்குள் ஈடு கருகிவிட்டது. அந்த ஆறாவது வரியைப் பற்றிக் கடைசியில் பேசுகிறேன்.

நான் காரைக்குடியில் ஒரு பலகாரக் கடையின் பின்கட்டில் பதினேழு வருடமாகக் கைமுறுக்கு சுற்றுகிறவள். படிப்பு பத்தாம் வகுப்பு. உங்கள் அணியின் கோல்கீப்பர் என் மகள். மூன்று ஆட்டத்தில் பதின்மூன்று கோல் விட்டவள். நற்பெயர் என்று நீங்கள் எழுதியபோது மனதில் வந்த முகம் அவளுடையதாகத்தான் இருந்திருக்கும். இந்த மடலை எழுதச் சொல்லி அவள் கேட்கவில்லை. எழுதாதே என்றுதான் இரண்டு நாளாகச் சண்டை போட்டாள். இன்டர்னல் மார்க் பயம். அதனால் அவள் பெயரையும் போடவில்லை, என் பெயரையும் போடவில்லை. அணியில் கோல்கீப்பர் ஒருத்திதான் என்பதால் உங்களுக்கு எப்படியும் தெரிந்துவிடும். தெரியட்டும்.

முதல் ஆட்டம் 0-7. இரண்டாவது 0-4. மூன்றாவது 1-2. இதில் மறைக்க ஒன்றுமில்லை. தோற்றோம். ஆனால் எப்படித் தோற்றோம் என்று உங்கள் கூட்டத்தில் யாராவது கேட்டார்களா? கேட்டிருந்தால் அந்தச் சுற்றறிக்கை வேறு மாதிரி வந்திருக்கும்.

மே மாதத்திலிருந்து சொல்கிறேன். பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்த உடற்கல்வி ஆசிரியை தொகுப்பூதியத்தில் இருந்தவர். மே மாதத்தோடு அவருடைய ஒப்பந்தம் முடிந்தது, நீங்கள் புதுப்பிக்கவில்லை. ஜூனில் யாரும் வரவில்லை, ஜூலையிலும் யாரும் வரவில்லை. போன வருடம் ஆடியவர்களில் ஐந்து பேர் படிப்பை முடித்துப் போய்விட்டார்கள். அவர்கள் இடத்துக்கு வந்த முதலாண்டுப் பிள்ளைகளில் இரண்டு பேர் பள்ளிக்கூடத்தில் கபடி ஆடியவர்கள். ஒருத்தி நானூறு மீட்டர் ஓடியவள். பந்தைக் காலால் நிறுத்தவே அப்போதுதான் பழகுகிறார்கள். அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? கேப்டன். அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது யூடியூப்.

மைதானம் காகிதத்தில் நான்கு மணியிலிருந்து ஆறு மணி வரை அவர்களுக்கு. நடப்பில் கிரிக்கெட் பையன்கள் வலையைக் கழற்றும்போது ஐந்தேகால், ஐந்தரை ஆகிவிடும். விடுதிப் பெண்கள் ஆறு மணிக்குள் உள்ளே இருக்க வேண்டும் என்பதும் உங்கள் விதிதான். ஆக, பயிற்சி அரை மணி நேரம். பந்து இரண்டு. அதில் ஒன்றுக்கு இரண்டு நாளுக்கு ஒரு தரம் காற்றடிக்க வேண்டும்.

அந்த மைதானத்தின் மண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் ஊர் மண் உங்களுக்குத் தெரியும். செம்மண், அதற்குள் சரளை. மழை பெய்தால் சந்தனம் மாதிரி, காய்ந்தால் அரம் மாதிரி. கோல்கீப்பர் என்றால் பக்கவாட்டில் பாய்ந்து விழ வேண்டும். கோல் போஸ்ட் அகலம் 24 அடி, உயரம் 8 அடி. எங்கள் வீட்டின் மொத்த அகலமே அவ்வளவு இல்லை. நின்ற இடத்தில் நின்று அதைக் காக்க முடியாது. என் மகள் முதல் மாதம் விழுந்தாள். இரண்டு இடுப்பிலும் தோல் உரிந்து, காய்ந்து, மறுபடி உரிந்தது. ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவும்போது பாவாடை நாடா அதில் உரசினாலே பல்லைக் கடிப்பாள். அப்புறம் அவளுக்கே தெரியாமல் ஒன்று நடந்தது. விழாமல் பிடிக்கப் பழகிவிட்டாள். கைக்கு எட்டினால் பிடிப்பது, எட்டாவிட்டால் பார்த்துக்கொண்டு நிற்பது. உடம்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாகக் கற்றுக்கொண்ட வித்தை அது. முதல் ஆட்டம் நடந்த கல்லூரியில் நல்ல புல் தரை. அங்கேயும் அவள் விழவில்லை. ஏழு கோலில் மூன்று அப்படிப் போனவை என்று அவளே சொன்னாள்.

முதல் ஆட்டத்துக்கு நான் போகவில்லை. கல்யாண ஆர்டர் இருந்தது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். ஆர்டர் இருந்தது உண்மைதான். போகாததற்குக் காரணம் அதுவல்ல. அரை டிரவுசர் போட்டுக்கொண்டு அவள் ஆண்களுக்கு முன்னால் ஓடுவதைப் பார்க்க எனக்குக் கூச்சம். அவள் பதினொன்றாம் வகுப்பில் இந்த ஆட்டத்தைத் தொடங்கியபோது பூட்ஸை ஒளித்து வைத்தவள் நான். இதையும் எழுதிவிட வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் உங்கள் மனதில் இருப்பது என்ன என்று எனக்குத் தெரியாததல்ல. என் மனதிலும் அதுதான் இருந்தது.

அன்றைக்கு நடந்ததை அவள் சொல்லித்தான் கேட்டேன். மதுரைக்குப் பக்கத்தில் ஆட்டம். டீசல் செலவு கட்டுப்படியாகாது என்று கல்லூரிப் பேருந்தைத் தரவில்லை. விடியற்காலை நாலரை மணிக்குப் பதின்மூன்று பிள்ளைகளும் அலுவலக உதவியாளர் அம்மா ஒருவருமாகப் பஸ் ஏறினார்கள். மதுரையில் இறங்கி இன்னொரு பஸ். அதிலிருந்து இறங்கி, பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒன்றரைக் கிலோமீட்டர் நடை. வயிற்றுக்கு டீயும் பன்னும். ஒன்பதரைக்கு ஆட்டம்.

பூட்ஸ் பதினொரு ஜோடிதான் இருந்தது. ஆள் மாற்றும்போது வெளியே வருகிறவள் கோட்டுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக் கொடுக்க, உள்ளே போகிறவள் அதை வாங்கிப் போட்டுக்கொண்டு கயிற்றைக் கட்ட, நடுவர் விசிலை வாயில் வைத்தபடி நின்றாராம். எதிர் அணிப் பிள்ளைகள் சிரித்தார்களா என்று கேட்டேன். "இல்லம்மா, அவங்க கேப்டன் வந்து கயிறு கட்டிவிட்டா" என்றாள். அந்தப் பிள்ளை நன்றாக இருக்கட்டும்.

முதல் இருபத்தைந்து நிமிடம் ஒரு கோலும் விழவில்லை. இடைவேளையில் 0-2. மீதி ஐந்தும் இரண்டாவது பாதியில். இரண்டாவது ஆட்டமும் அதே கணக்குதான். முதல் பாதியில் ஒன்று, அடுத்த பாதியில் மூன்று. ஆட்டம் தெரியாதவர்கள் முதல் பத்து நிமிடத்திலேயே சிதறிவிடுவார்கள். நம் பிள்ளைகள் ஒரு மணி நேரம் தாக்குப் பிடித்துவிட்டு அதற்கு மேல் கால் ஓடாமல் நின்றார்கள். இது கால்பந்து தெரியாத எனக்கே புரிகிறது. சட்டி சூடேறாமல் மாவைப் பிழிந்துவிட்டு முறுக்கைக் குறை சொல்கிற கதைதான்.

இரண்டாவது ஆட்டத்தில் ஒருத்திக்குக் கணுக்கால் பிசகியது, ஒருத்தி மயங்கி விழுந்தாள், மாற்று ஆட்களும் தீர்ந்துவிட்டார்கள். கடைசிக் கால் மணி நேரம் ஒன்பது பேர் ஆடினார்கள். வீட்டுக்கு வந்து என் மகள் சொன்னாள்: "ஏழு பேருக்குக் குறைஞ்சா ஆட்டத்தையே நிறுத்திடுவாங்கம்மா. நாங்க ஒன்பதுல நின்னோம்." நாலு கோல் விட்டுவிட்டு வந்த பிள்ளையின் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

மயங்கி விழுந்தவளை மறுநாள் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனபோது, மற்றப் பிள்ளைகளையும் வரச்சொல்லி ரத்தம் பார்க்கச் சொன்னேன். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 இருக்க வேண்டும். பதின்மூன்று பேரில் நான்கு பேருக்கு 10-க்குக் கீழே. மயங்கியவளுக்கு 8.9. நர்ஸம்மா ஆச்சரியப்படவில்லை. 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டில் 15 வயது முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று வந்திருப்பதாகச் சொன்னார். மாத்திரை கொடுத்தார். மாத்திரை போட்டவுடன் டீ குடித்தால் சத்து உடம்பில் சேராது என்றும் சொன்னார். விடுதியில் காலை ஆறு மணிக்கு டீ, பதினொரு மணிக்கு டீ, நாலு மணிக்கு டீ. 8.9 வைத்துக்கொண்டு ஒரு பெண் எழுபது நிமிடம் ஓடியிருக்கிறாள் என்றால், அவளை என்ன சொல்வது? நீங்கள் தோல்வி என்று எழுதினீர்கள்.

மாணவியரின் நலன் என்று சுற்றறிக்கையில் இருக்கிறதே, அந்த ரத்தப் பரிசோதனைதான் நலன். அதை ஒரு முறுக்குச் சுற்றுகிறவள் செய்ய வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு சாப்பாட்டை நான் எடுத்துக்கொண்டேன். கடை ஆச்சியிடம் சொன்னேன். அவர் அதிகம் பேசமாட்டார். "பதின்மூணு பேருக்குத்தானே, செய்யி" என்று சாமான் எடுத்துக்கொள்ளச் சொன்னார். என் பிழைப்பே எண்ணெய்ச் சட்டியில்தான் என்றாலும் பிள்ளைகளுக்கு எண்ணெய்ப் பலகாரம் எதுவும் கொடுக்கவில்லை. பயிற்சி முடிந்ததும் எள்ளுருண்டை, கருப்பட்டி போட்ட கேழ்வரகுக் கூழ், வாரத்தில் மூன்று நாள் முருங்கைக்கீரை. ஆட்டத்தன்றைக்கு மூன்று மணி நேரம் முன்னால் இட்லி. இடைவேளைக்கு எலுமிச்சையும் உப்பும் கருப்பட்டியும் போட்ட தண்ணீர். ஆடி முடிந்து ஆவணி பிறந்துவிட்டது, இருந்தாலும் ஆட்டம் முடிந்து சாப்பிட என்று, ஆடியில் செய்கிற கும்மாயத்தைக் கிண்டினேன். உளுந்து, பாசிப்பருப்பு, கருப்பட்டி, நெய். நம் ஆச்சிமார் எதற்காக அதைப் பெண் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்களோ அதே காரணத்துக்காகத்தான்.

தேவகோட்டையிலிருந்து ஓய்வு பெற்ற பள்ளி பி.டி. சார் ஒருவர், முதல் ஆட்டத்தின் முடிவைக் கேள்விப்பட்டு, வாரத்துக்கு இரண்டு நாள் சொந்தக் காசில் பஸ் ஏறி வர ஆரம்பித்தார். அவர் செய்த முதல் காரியம், ஒரு மூலையில் இருந்த சரளையைப் பிள்ளைகளை வைத்தே பொறுக்கி, இரண்டு மாட்டு வண்டி மணல் வாங்கிக் கொட்டி, என் மகளை அதில் விழச் சொன்னது. வலதுபக்கம் இருபது, இடதுபக்கம் இருபது. ஆட்டத்துக்கு முன் இருபது நிமிடம் செய்கிற உடற்பயிற்சி வரிசை ஒன்றையும் பழக்கினார். ஃபிஃபா வெளியிட்ட '11 பிளஸ்' என்பார். பெண்களுக்கு முழங்கால் ஜவ்வு கிழிவது ஆண்களைவிட அதிகம் என்பதால் இதை விடக்கூடாது என்று கண்டிப்பு. இதற்கெல்லாம் கல்லூரிக்கு ஆன செலவு ஒன்றுமில்லை. மணலுக்கு அவர் கொடுத்த காசையும் யாரும் திருப்பித் தரவில்லை.

மூன்றாவது ஆட்டத்துக்கு நான் போனேன். சிவகங்கைப் பக்கம். கடை ஆம்னி வேனிலும் ஒரு ஷேர் ஆட்டோவிலும் போனோம். வேனில் அதிரசப் பாகு வாசனை. "இதுலேயே பாதி பசி அடங்கிடும்" என்று பிள்ளைகள் கிண்டல் செய்துகொண்டு வந்தார்கள்.

நான் கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் ஒரு வேப்ப மரத்தடியில் போய் நின்றுகொண்டேன். இருபதாவது நிமிடம் பெனால்டியில் ஒரு கோல் விழுந்தது. சரி, இனிமேல் வரிசையாகத்தான் விழும் என்று நினைத்து வேறு பக்கம் பார்த்தேன். ஆனால் அதற்குப் பிறகு வந்த இரண்டு பந்துகளுக்கு என் மகள் பாய்ந்து விழுந்தாள். நான் அதுவரை பார்த்தே இராத ஒருத்தி. முதல் பாதி முடியப் போகும் சமயத்தில் நமக்கு ஒரு கார்னர். புதுவயல் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி, அவள் அம்மா ஆத்தங்குடிக் கல் பட்டறையில் வேலை பார்க்கிறவர், கூட்டத்துக்கு நடுவில் எம்பித் தலையால் முட்டினாள். பந்து கம்பத்தில் பட்டு உள்ளே போனது. ஒரு நொடி யாருமே கத்தவில்லை. இந்த வருடம் கோல் அடித்தால் எப்படிக் கத்துவது என்று அவர்களுக்குப் பழக்கமில்லை. அப்புறம் கத்தியதில் தொண்டை கட்டி, திரும்பி வரும்போது ஒருத்திக்கும் பேச்சு வரவில்லை. ஆட்டம் முடிய ஏழு நிமிடம் இருக்கும்போது இரண்டாவது கோல் விழுந்து 1-2 என்று தோற்றோம். பதினொரு பேரும் கடைசி வரை ஓடினார்கள். ஒருத்திகூட மயங்கவில்லை.

அது சனிக்கிழமை. உங்கள் சுற்றறிக்கை திங்கட்கிழமை.

கல்லூரியில் இருந்து அந்த ஆட்டத்துக்கு ஒருவர்கூட வரவில்லை. ஏழு, நான்கு, இரண்டு என்று குறைந்துகொண்டே வந்த எண்ணிக்கையைப் பார்த்தும் அணியைக் கலைக்கத் தோன்றியது என்றால், நீங்கள் பார்த்தது எண்ணிக்கையை அல்ல என்றுதான் நினைக்க வேண்டியிருக்கிறது.

நற்பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. போன வருடம் உங்கள் ஆண்கள் அணி முதல் சுற்றிலேயே 0-5 என்று தோற்று வீட்டுக்கு வந்தது. யாரும் சுற்றறிக்கை போடவில்லை. போடாததுதான் முறை. பையன்கள் அடுத்த வாரமும் பயிற்சிக்குப் போனார்கள். அதே முறையைத்தான் பெண்களுக்கும் கேட்கிறேன். இன்னொன்று, ஆட வராத அணிக்கு 3-0 என்று தோல்வி எழுதுவதுதான் வழக்கம். மீதி மூன்று ஆட்டத்துக்கும் போகாவிட்டால் ஆடாமலேயே ஒன்பது கோல் வாங்குவோம். 1-2 என்று தோற்ற அணிக்கு இதுவா நற்பெயர்?

உங்கள் கூட்டத்தில் ஒருவர், பெண் பிள்ளைகளுக்கு எறிபந்தும் வளையப்பந்தும் போதாதா என்று கேட்டதாகக் காதில் விழுந்தது. எறிபந்து நல்ல ஆட்டம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் நம் மாநிலத்துப் பெண்கள் கால்பந்தில் எங்கே இருக்கிறார்கள் என்று அவருக்கு யாராவது சொல்லியிருக்கலாம். 2018-ல் கட்டாக்கில் நடந்த தேசிய சீனியர் போட்டியின் இறுதி ஆட்டத்தில் மணிப்பூரை 2-1 என்று வென்றது தமிழ்நாடு. 2023-ல் அமிர்தசரஸில் ஹரியானாவை வென்று மறுபடியும் கோப்பை. இங்கிருந்து பஸ் ஏறினால் இரண்டரை மணி நேரத்தில் மதுரை. அந்த ஊர் சேது எஃப்.சி. 2019-ல் இந்தியன் விமன்ஸ் லீக்கை வென்றது. கடலூர் இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடியவர், தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர். 2025 ஜூலையில் தாய்லாந்தை அவர்கள் மண்ணிலேயே 2-1 என்று வென்று ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது இந்தியப் பெண்கள் அணி. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. என் மகள் இந்தியாவுக்கு ஆடுவாள் என்று நான் கனவு காணவில்லை. ஒரு சான்றிதழ், ஒரு காக்கிச் சட்டை, அந்த அளவுக்குக் கணக்குப் போடத் தெரியும்.

மகள் ஒரு கதை சொன்னாள். 1920-ல், கிறிஸ்துமஸுக்கு மறுநாள், இங்கிலாந்தில் லிவர்பூல் நகரத்தில் தொழிற்சாலைப் பெண்கள் ஆடிய கால்பந்து ஆட்டத்தைப் பார்க்க 53,000 பேர் வந்தார்களாம். அடுத்த வருடமே அந்த நாட்டுக் கால்பந்துச் சங்கம், இந்த ஆட்டம் பெண்களுக்கு ஏற்றதல்ல என்று சொல்லி ஒரு முடிவு எடுத்தது. பெண்கள் ஆடக்கூடாது என்று அது நேராகத் தடுக்கவில்லை. தன்னைச் சேர்ந்த கிளப்புகள் பெண்களுக்கு மைதானம் தரக்கூடாது என்று மட்டும் சொன்னது. அவ்வளவுதான். அதைத் திரும்பப் பெற அரை நூற்றாண்டு ஆனது. "மைதானத்தைப் பிடுங்கினா போதும்மா, ஆட்டம் தானா நின்னுடும்" என்றாள்.

இப்போது அந்த ஆறாவது வரிக்கு வருகிறேன்.

மைதானத்தை அடுத்த தெருவில் இருக்கிற பெரிய வீட்டை இப்போது கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்து முகப்பிலும் வளவிலும் படம் எடுத்துக்கொண்டு கல்யாணம் செய்துகொள்கிறார்கள். நல்ல விஷயம். கல்யாணம் நடந்தால்தான் எனக்குக் கூலி. அந்தத் தெருவில் நூறு கார் நிறுத்த இடம் கிடையாது. ஐந்தாவது ஆட்டம் நம் மைதானத்தில் நடக்க வேண்டியது. அது எந்தத் தேதி என்று பாருங்கள். ஆவணியின் பெரிய முகூர்த்த நாள். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அந்தக் கல்யாணத்துக்கு மணகோலமும் அதிரசமும் எங்கள் கடையில்தான் ஆர்டர். ஆர்டர் சீட்டில் சாமான் இறக்கும் இடம் என்று எழுதியிருப்பது, கல்லூரி மைதானம்.

வாடகை வருவதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். கல்லூரி நடத்தக் காசு வேண்டும். ஆனால் அதற்குப் பிள்ளைகளின் நலன் என்று பெயர் வைக்காதீர்கள். நேராகச் சொல்லியிருந்தால் நானே ஒரு வழி சொல்லியிருப்பேன். ஆட்டம் காலை எட்டு மணிக்குத் தொடங்கினால் பத்து மணிக்குள் முடிந்துவிடும். சீட்டில் போட்டிருக்கிறபடி பார்த்தால் அன்றைக்கு மாலை வரவேற்புக்குத்தான் பெருங்கூட்டம், கார்கள் நாலு மணிக்கு மேல்தான் வரும். இரண்டும் நடக்கலாம்.

இந்த ஊரில் மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் வர வேண்டும் என்று 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தவர் வள்ளல் அழகப்பர். பெண்கள் கல்லூரி தொடங்கத் தான் குடியிருந்த வீட்டையே விட்டுக்கொடுத்தவர் அவர். உங்கள் கல்லூரி அவர் தொடங்கியதல்ல, தெரியும். ஆனால் உங்கள் ஆண்டு விழா மேடையில் ஒவ்வொரு பேச்சாளரும் அவர் பெயரைச் சொல்லித்தான் ஆரம்பிக்கிறார். நாங்களும் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்கிறோம்.

இனி நாங்கள் கேட்பது. அந்தச் சுற்றறிக்கையைத் திரும்பப் பெற்று, மீதி மூன்று ஆட்டத்துக்கும் அணியை அனுப்புங்கள். இது முதலாவது, இதில் பேரம் இல்லை. ஐந்தாவது ஆட்டம் நம் மைதானத்தில், குறித்த தேதியில், காலையில் நடக்க வேண்டும்.

மாலை நான்கரையிலிருந்து ஆறு வரை மைதானம் வாரத்தில் நான்கு நாள் உண்மையாகவே பெண்களுக்கு வேண்டும். கிரிக்கெட் வலையை மற்ற நாட்களில் கட்டிக்கொள்ளட்டும். ஆட்டக்காரப் பெண்களுக்கு மட்டும் விடுதி நேரத்தை ஆறரை ஆக்குங்கள். காப்பாளர் அம்மாவிடம் பேசிவிட்டேன், எழுத்தில் உத்தரவு வந்தால் தனக்கு ஆட்சேபம் இல்லை என்றார்.

ஆட்டத்துக்குப் போன மூன்று நாளும் பிள்ளைகளுக்கு ஆப்சென்ட் போட்டிருக்கிறார்கள். சனிக்கிழமையிலும் வகுப்பு வைத்ததால் வந்த வினை. 75 சதவீத வருகை இல்லாவிட்டால் தேர்வு எழுத முடியாது என்கிற நிலையில் இது சின்ன விஷயமல்ல. கல்லூரியின் பெயர் போட்ட பனியனோடு போனவர்கள் அவர்கள். அந்த நாட்களை ஆன் டியூட்டி என்று திருத்தித் தர வேண்டும்.

அடுத்த கல்வியாண்டு தொடங்குவதற்குள் நிரந்தரமாக ஒரு பெண் உடற்கல்வி ஆசிரியை. அதுவரைக்கும் அந்த பி.டி. சாருக்குப் பயணப்படியும் மணலுக்குப் போட்ட காசும். பதினாறு ஜோடி பூட்ஸ், ஆறு பந்து. எங்களிடம் வருடா வருடம் விளையாட்டுக் கட்டணம் வாங்குகிறீர்கள், ரசீது எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. அது இந்த வருடம் எதற்குச் செலவானது என்று பெற்றோருக்கு ஒரு தாளில் எழுதித் தாருங்கள்.

அப்புறம், மீதி ஆட்டங்களில் ஒன்றுக்காவது உங்களில் ஒருவர் வந்து பாருங்கள். ஜெயிப்பார்கள் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை.

நான்காவது ஆட்டம் வரும் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, திருப்பத்தூர் தாண்டி. கல்லூரிப் பேருந்து ஆறரைக்குக் கிளம்பினால் போதும். பேருந்து உண்டா, அணி போகிறதா என்று வியாழக்கிழமை மாலைக்குள் கேப்டனிடம் சொல்லிவிடுங்கள். வெள்ளிக்கிழமை காலையில் நான் இட்லிக்கு அரிசி ஊறப்போட வேண்டும்.

இப்படிக்கு,
ஒன்றாம் நம்பர் பனியன் போட்டவளின் அம்மா,
காரைக்குடி.